பட்டம் பெற்றபின்னும் பரீட்சை உண்டு

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருதமுனையிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் கல்முனைக்கு ஓடுகிறோம். டாக்டரின் பெயர்ப் பலகையிலுள்ள பட்டங்களைப் பார்த்து மனம் ஆறுகிறோம். இருபது வருடங்களுக்கு முன் பெற்ற பட்டம் இன்றைக்கும் போதுமா என்று சிந்தித்ததுண்டா?

இந்தக் கேள்வியைச் சட்டமாக்கிய நாடு பிரித்தானியா. 2012 டிசம்பர் முதல் அங்குள்ள டாக்டர்கள் பொதுவாக 5 வருடங்களுக்கு ஒருமுறை தமது தகுதியை மீண்டும் நிரூபிக்க வேண்டும். புதியவற்றைப் படிப்பதோடு, தம் வேலையைத் தாமே அளந்தும் பார்க்க வேண்டும். உதாரணமாக, தம்மிடம் வரும் நீரிழிவு நோயாளிகளில் எத்தனை பேரின் பாதங்களைப் பரிசோதித்தோம் என்று எண்ணலாம். குறை தெரிந்தால் முறையை மாற்றி, திரும்பவும் எண்ண வேண்டும். நோயாளிகளின் அபிப்பிராயமும் கேட்கப்படும்.

நமது நாட்டிலும் இத்தகைய நல்ல வழக்கம் ஒன்று உண்டு. 1980களிலிருந்து, பிரசவத்தோடு தொடர்பான தாய் மரணங்கள் ஆராயப்படுகின்றன. இரத்தப்போக்கை எப்போது கண்டார்கள்? இரத்தம் ஏற்றத் தாமதமானதா? இது யாரையும் தண்டிக்க அல்ல. அடுத்த தாயைக் காப்பாற்றவே.

இதில் நமக்கும் பங்குண்டு. கிளினிக் கார்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். அப்படியொரு வீட்டுக்குக் குடும்பநல மாது விசாரிக்க வந்தால், "மௌத்தானவளைப் பற்றி இனி என்ன பேச்சு?" என்று கதவைச் சாத்தாதீர்கள். நடந்ததை நேரத்தோடு, உள்ளபடி சொல்லுங்கள். நீங்கள் மறைக்காத உண்மை இன்னொரு வீட்டுத் தாயைக் காக்கக்கூடும்.