ஃபென்டாஸ்டிக் ஃபோர் வரைகதையும் வாசகர் கடிதங்களும்

ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்பது அமெரிக்காவின் மார்வெல் காமிக்ஸ் நிறுவனம் 1961 இல் தொடங்கிய மீநாயகர் வரைகதைத் தொடராகும். ஸ்டான் லீ, ஜாக் கிர்பி ஆகியோர் இதனை உருவாக்கினர். அறிவியலாளர் ரீட், அவரது காதலி சூ, சூவின் தம்பி ஜானி, நண்பர் பென் ஆகிய நால்வரும் ஒரே குடும்பமாக வாழ்ந்து, வேடிக்கையாகச் சண்டையிட்டுக் கொள்வது இத்தொடரின் சிறப்பாகும்.

வாசகர் கருத்துக்களின் தாக்கம்

முதல் இரு இதழ்களில் நால்வரும் சாதாரண உடையிலேயே தோன்றினர். வாசகர்கள் சீருடை வேண்டுமென எழுதினர். மூன்றாம் இதழில் (மார்ச் 1962) நீலச் சீருடை அறிமுகமானது. வாசகர் கடிதப் பகுதியும் அவ்விதழிலேயே தொடங்கியது.

சூ பற்றிய விமர்சனம்

தொடக்கத்தில் சூவுக்கு மறையும் ஆற்றல் மட்டுமே இருந்தது. இதனால் அவர் குழுவுக்குப் பயனற்றவர் எனச் சிலர் எழுதினர். பதினோராம் இதழில் (பெப்ரவரி 1963) கதைமாந்தரே இத்தகைய கடிதங்களைப் படிக்கின்றனர். சூ மனம் வருந்த, அவரது முந்தைய உதவிகளை நினைவூட்டி ரீடும் பென்னும் வாதாடுகின்றனர். எனினும் அவரது ஆற்றலில் அப்போது மாற்றம் ஏதும் செய்யப்படவில்லை. 22 ஆம் இதழிலேயே (சனவரி 1964) கண்ணுக்குப் புலப்படாத காப்பரண் அமைக்கும் ஆற்றலை அவர் பெற்றார். பிற்காலக் கதைகளில் அவர் குழுவின் மிக வலிமை வாய்ந்தவர்களுள் ஒருவராகச் சித்தரிக்கப்பட்டார்.