வயலும் ஏரியும் வருமான வரியும்

பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்த திருப்பாலைவனம் நெல் விளையும் ஊர்களுள் ஒன்று. அதற்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி பரந்து கிடக்கின்றது. இந்திய நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் சில்காவுக்கு அடுத்தபடியாகப் பெரியது அது. கரையோரக் குப்பங்களில் வாழ்வோர் மீனும் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கின்றனர். உழவரும் மீனவரும் அருகருகே வாழினும், வருமான வரிச் சட்டம் அவர்களை ஒரே வகையில் வைத்து எண்ணுவதில்லை.

இந்தியாவில் வருமான வரி முதன்முதலாக 1860ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வில்சன் என்பவரால் கொண்டுவரப்பட்டது. இன்று அவ்வரியை விதிக்கும் உரிமை மத்திய அரசுக்கு உரியது. வேளாண்மை வருமானம் ஒன்று மட்டும் அதற்கு விலக்கு. அதன்மீது வரி விதிக்கும் உரிமையை நமது அரசியலமைப்பு மாநிலங்களுக்கு அளித்துள்ளது. ஆதலின் நெல் விற்று வாழும் உழவர், அவ்வருமானத்துக்கென மத்திய அரசுக்கு வரி செலுத்துவதில்லை.

மீன் விற்ற பணமோ வேளாண்மை வருமானம் ஆகாது. நிலத்தை உழுதல், விதைத்தல், நடுதல் முதலிய அடிப்படைத் தொழில்கள் நிகழ்ந்தால்தான் அது வேளாண்மை எனப்படும் என்று உச்ச நீதிமன்றம் 1957ஆம் ஆண்டில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. விடியுமுன் இடுப்பளவு நீரில் நின்று வலை இழுப்பவரின் உழைப்பு எவ்வகையிலும் எளியதன்று. ஆயினும் அவர் உழைக்கும் இடம் நிலமன்று, நீர்.

இதனால் மீனவர் அனைவரும் வரி செலுத்த வேண்டும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. 2025-26ஆம் நிதியாண்டுக்குரிய புதிய வரிமுறையில், ஆண்டு வருமானம் 4 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத தனிமனிதர் பொதுவாக வருமான அறிக்கை தாக்கல் செய்யத் தேவையில்லை. குப்பத்து வலைத் தொழிலாளர் பலர் இவ்வரம்புக்கு உட்பட்டவரே.

ஏரி இறாலை வாங்கிச் சென்னைக்கு அனுப்பும் வணிகரின் நிலை வேறு. அவர் ஓராண்டில் 80 இலட்சம் ரூபாய்க்கு ரொக்கமாக விற்பனை செய்தார் என்று கொள்வோம். விற்பனை 2 கோடி ரூபாயைத் தாண்டாத சிறு வணிகர், விரிவான கணக்கேடுகள் வைக்காமலே, ரொக்க விற்பனையில் நூற்றுக்கு 8 பங்கை இலாபமாகக் காட்டலாம். வங்கி வழி வந்த தொகைக்கு 6 பங்கு போதும். (தரகுத் தொழில் செய்வோர்க்கு இச்சலுகை இல்லை.) இக்கணக்கின்படி அவ்வணிகரின் இலாபம் 6,40,000 ரூபாய். அது 4 இலட்சத்தைக் கடந்தமையால் அவர் அறிக்கை தாக்கல் செய்தே ஆகவேண்டும். ஆயினும், வேறு வருமானம் இல்லையாயின், அவர் செலுத்த வேண்டிய வரி ஒன்றுமில்லை. இத்தகைய வருமானம் 12 இலட்சம் வரை உள்ளவர்க்கு வரி முழுவதும் தள்ளுபடியாகின்றது. வரி இல்லையெனில் அறிக்கையும் வேண்டா என்று எண்ணி இருந்துவிடுவோரே பலர்.

பலர் கூடிப் பங்காளிகளாகப் பதிவு செய்த கூட்டு நிறுவனமோ, கம்பெனியோ ஆயின், இலாபமும் நட்டமும் பாராது ஆண்டுதோறும் அறிக்கை தரல் வேண்டும்.

நட்டக் கணக்கில் மீனவர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. புயலில் படகும் வலையும் சிதைந்து, ஓர் ஆண்டு தொழிலில் நட்டம் நேரலாம். கணக்கேடுகள் வைத்து, உரிய நாளுக்குள் அறிக்கை தாக்கல் செய்திருந்தால், அத்தொழில் நட்டத்தை அடுத்த 8 ஆண்டுகள் வரையிலான தொழில் இலாபத்தில் கழித்துக்கொள்ளலாம். நாள் கடந்து தாக்கல் செய்தால் அவ்வுரிமை கிட்டாது.