ஆலை மூடியது, வண்டி ஓடுகிறது

செக்கோஸ்லோவாகியாவில் பிறந்து மைசூரில் குடியேறிய ஜாவா மோட்டார் சைக்கிளை இன்று கோலார் தங்க வயலில் வாங்க நினைப்பவர் உண்மையில் எதை வாங்குகிறார்?

அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறப்பதில்லை. இரட்டைச் சைலன்சர்களிலிருந்து விட்டு விட்டு வரும் 'டுப், டுப்' ஓசை. பழைய மைசூர் மாநிலத்து ஊர்களில் 1960களிலும் 70களிலும் வளர்ந்தவர்களுக்கு, வண்டி தெருமுனை திரும்புவதற்கு முன்பே வருவது ஜாவா என்று தெரிந்துவிடும். வண்டியைச் செய்த மைசூர் ஆலை 1996-ல் மூடப்பட்டது. வண்டிகள் மட்டும் ஓடுவதை நிறுத்தவில்லை.

கோலார் தங்க வயலுக்கு இந்த ஓசையில் வேறு ஒரு அர்த்தமும் உண்டு. ஜாவா ஆலை மூடி ஐந்தே ஆண்டுகளில், 2001 பிப்ரவரி கடைசியில், இந்த ஊரைப் பெற்றெடுத்த தங்கச் சுரங்கமும் மூடப்பட்டது. இரண்டுமே வெளிநாட்டு இயந்திரங்களோடு தொடங்கியவை. இரண்டுமே பழைய மைசூர் மண்ணில் வேர் விட்டவை. ஒன்று மாண்டது, மற்றொன்று பிழைத்தது. ஏன் என்பது பழைய ஜாவா வாங்க ஆசைப்படுகிற எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

ஜாவா என்ற பெயரே ஒரு இறக்குமதிக் கதை. பிராக் நகரில் ஆயுதத் தொழிற்சாலை நடத்திய ஃபிரான்டிஷெக் யானெசெக், 1929-ல் ஜெர்மனியின் வாண்டரர் நிறுவனத்திடமிருந்து 500 சிசி மோட்டார் சைக்கிளின் உரிமையை வாங்கினார். யானெசெக்கின் 'ஜா', வாண்டரரின் 'வா' இரண்டும் சேர்ந்து ஜாவா ஆயின. பெரிய வண்டி விலை அதிகம் என்பதால் விற்பனை சுகப்படவில்லை. பொருளாதார மந்தம் உலகையே ஆட்டிப் படைத்த நேரம். 1930களின் தொடக்கத்தில் பிரிட்டனின் வில்லியர்ஸ் இன்ஜினைப் பொருத்தி 175 சிசியில் ஒரு சிறிய, மலிவான வண்டியைக் கொண்டுவந்த பிறகுதான் கம்பெனி தலை நிமிர்ந்தது. மலிவு விலைச் சிறிய வண்டிதான் ஜாவாவைக் காப்பாற்றியது.

இந்தியாவுக்கு ஜாவா வந்ததும் இறக்குமதிச் சரக்காகத்தான். 1950களில் பம்பாயைச் சேர்ந்த இரானி குடும்பத்தின் நிறுவனம் அவற்றை வரவழைத்து விற்றது. அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு வர, வாகன இறக்குமதிக்கு அரசு கதவைச் சாத்தியது. இனி இங்கேயே செய்தால்தான் உண்டு என்ற நிலை. 1961-ல் மைசூரில் 'ஐடியல் ஜாவா' ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. செக் நாட்டு வடிவமைப்பில் 250 சிசி, ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் வண்டி.

அந்தக் காலத்து இந்திய வாடிக்கையாளர் முன்னால் இருந்த மோட்டார் சைக்கிள்கள் முக்கியமாக மூன்று. சென்னையில் தயாரான என்ஃபீல்டு புல்லட், பூர்வீகம் இங்கிலாந்து. எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் ராஜ்தூத், பூர்வீகம் போலந்து. மைசூர் ஜாவா, பூர்வீகம் செக்கோஸ்லோவாகியா. மூன்றுமே வெளிநாட்டு வித்து, இந்திய மண். 350 சிசி புல்லட்டோடு ஒப்பிட்டால் ஜாவா சிறிய வண்டி, எளிய வண்டி. அதன் இன்ஜினில் வால்வு கிடையாது, கேம் கிடையாது. முக்கியமாக அசைகிற பாகங்கள் பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் ஷாஃப்ட், அவ்வளவுதான். கிக்கரும் கியர் லீவரும் ஒரே தண்டு. மேலே தூக்கி உதைத்தால் கிக்கர், மடக்கினால் கியர்.

இந்த எளிமைதான் அதன் ஆயுள் ரகசியம். 1973 வாக்கில் செக் உரிமம் முடிந்ததும் அதே வண்டி 'யெஸ்டி' என்ற பெயரில் தொடர்ந்தது. பெயர் மாறியதே தவிர, திறந்து பார்த்த மெக்கானிக்குக்குப் பழகிய முகம்தான் உள்ளே இருந்தது.

சரிவு அடுத்த பத்தாண்டில் வந்தது, அதுவும் தங்க வயலுக்குப் பக்கத்து ஓசூரிலிருந்து. 1984-ல் ஓசூரில் டி.வி.எஸ். கூட்டணியில் இண்ட்-சுசுகி 100 சிசி வண்டி வெளிவந்தது. 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100, அடுத்து கவாசாகி பஜாஜ் என்று ஜப்பானியப் படையெடுப்பு நடந்தது. தொடக்கத்தில் இவற்றின் முக்கிய பாகங்கள் ஜப்பானிலிருந்தே வந்தன. ஆர்எக்ஸ் 100-ன் முதல் வண்டிகள் அங்கிருந்து உதிரியாக வந்து இங்கே பூட்டப்பட்டவை. ஹீரோ ஹோண்டா லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்று விளம்பரம் செய்தபோது, 30 கிலோமீட்டர் கொடுக்கிற யெஸ்டியை மாதச் சம்பளக்காரர் எப்படி வாங்குவார்? புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் இறுகின. 1996-ல் மைசூர் ஆலையின் கதவு மூடியது. தொழிலாளர்களின் பாக்கி கோர்ட் வரை போனது.

தங்க வயலின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1880-ல் பிரிட்டனின் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்தது. வடஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் பூமிக்குள் இறங்கினார்கள். இயந்திரங்கள் கடல் கடந்து வந்தன. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தபோது அங்கே சுழன்றது ஸ்விட்சர்லாந்து டர்பைன், அமெரிக்க ஜெனரேட்டர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போனது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் வெளியே வந்தது. 2001-ல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டதும் பம்புகள் நின்றன. கீழே தண்ணீர் நிறைந்தது. அங்கே இருந்தது ஒரே முதலாளி. அவர் கையை விரித்ததும் எல்லாம் முடிந்தது.

ஜாவாவுக்கு அந்த விதி வாய்க்கவில்லை. ஆலை போனபோது வண்டிகள் ஏற்கனவே ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் பிரிந்து போயிருந்தன. ஒவ்வொரு ஊரிலும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டத் தெரிந்த ஒரு மெக்கானிக் இருந்தார். பாகம் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்து போட்டார். இந்த வகையில் தங்க வயலுக்கு ஒரு வசதியும் உண்டு. சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பும், பி.இ.எம்.எல். தொழிற்சாலையும் ஃபிட்டர், டர்னர், வெல்டர்களை உருவாக்கிய ஊர் இது. பி.இ.எம்.எல். புல்டோசரும் ஜப்பானின் கோமட்சு தொழில்நுட்பத்தோடு தொடங்கியதுதான். வெளிநாட்டு இயந்திரத்தை உள்ளூர்ச் சரக்காக்குவது இந்த ஊர் அறியாத வித்தை அல்ல.

சரி, ராபர்ட்சன்பேட்டையில் ஒருவர் பழைய ஜாவாவையோ யெஸ்டியையோ வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயின்ட் பளபளப்பில் மயங்கினால் பணம் போயிற்று. முதலில் பார்க்க வேண்டியது எண்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதோடு பொருந்த வேண்டும். ஒரு வண்டியின் இன்ஜினை இன்னொன்றில் மாட்டுவது பழைய வண்டிகளில் சகஜம். பொருந்தாத வண்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாசலோடு நின்றுவிடும்.

அடுத்து, இன்ஜின் சூடாவதற்கு முன் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படலாம். டூ ஸ்ட்ரோக் வண்டியில் லேசான புகை இயல்பு. ஆனால் சூடான பிறகும் அடர்த்தியாகப் புகைந்து, கியர் பாக்ஸில் ஆயில் குறைந்துகொண்டே போனால் கிராங்க் பக்கத்து ஆயில் சீல் போயிருக்கலாம். சீல் விலை அற்பம், அதை மாற்ற இன்ஜினைப் பிரிக்கிற கூலி அற்பமல்ல. சிலிண்டரை எத்தனை முறை ரீபோர் செய்திருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பிஸ்டன் அளவு ஒரு படி கூடும். கடைசி அளவு வந்துவிட்டால் புதிய ஸ்லீவ் போடாமல் தீராது. பழைய மாடல்களில் 6 வோல்ட் டைனமோ என்பதால் இரவில் ஹெட்லைட் வெளிச்சம் மெழுகுவர்த்திக்கு அண்ணன் என்ற அளவில்தான் இருக்கும்.

வாங்கிய பிறகு தினசரி ஒழுங்கு ஒன்று உண்டு. பெட்ரோலோடு 2டி ஆயிலை லிட்டருக்கு 30 முதல் 40 மில்லி என்ற கணக்கில் கலந்தே ஊற்ற வேண்டும். ஒருமுறை மறந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. பழைய ரப்பர் பாகங்களுக்கு ஆகாது, நிறுத்தியே வைத்திருக்கும் வண்டியின் இரும்பு டேங்கில் துரு ஏறும். வாரத்துக்கு இரண்டு முறையாவது ஓட்டப்படும் ஜாவாதான் ஆரோக்கியமான ஜாவா.

காகிதச் செலவும் கூடியிருக்கிறது. 15 ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு 300 ரூபாயாக இருந்த கட்டணம் 2022-ல் 1,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025-ல் 2,000 ரூபாய் ஆக்கப்பட்டது. கடைசி யெஸ்டிகூட இப்போது அந்தக் கணக்கில்தான் வரும். இதற்கு மேல் பசுமை வரி, தகுதிச் சோதனை, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் உண்டு. 50 ஆண்டு கடந்த வண்டிக்கு 2021-ல் வந்த 'விண்டேஜ்' பதிவு ஒரு வழி. ஆனால் புதிதாகப் பதிய 20,000 ரூபாய். அந்த வண்டியை அன்றாட உபயோகத்துக்கு ஓட்டவும் கூடாது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் கொண்டுபோகலாம், விடியற்காலையில் பெங்களூர் ரயிலைப் பிடிக்க மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்குப் போக முடியாது.

தங்க வயல்காரருக்கு இது முக்கியமான வித்தியாசம். சுரங்கம் மூடிய பிறகு பிழைப்புக்காகத் தினமும் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியுள்ள பெங்களூருக்கு ரயிலேறுகிற ஊர் இது. வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் இடையில் ஓட ஒரு வண்டி வேண்டும் என்பதுதான் தேவை என்றால், சரியான பதில் ஒரு சாதாரண 100 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்தான். ஜாவா இரண்டாவது வண்டியாக இருக்கலாம், ஒரே வண்டியாக இருந்தால் கஷ்டம்.

பழசு வேண்டாம், புதிதாகவே வெளிநாட்டிலிருந்து ஒரு சின்ன வண்டி வரவழைத்தால் என்ன? முழுதாகத் தயாரான மோட்டார் சைக்கிளுக்கு 2018 முதல் 50 சதவீத சுங்க வரி இருந்தது. 2025 பட்ஜெட்டில் 1600 சிசி வரை 40 சதவீதமாகக் குறைந்தது. அப்படியும் மலிவு வண்டி மலிவு வண்டியாக வந்து சேராது. புது ஜாவாவும் கிடைக்கிறது. மகிந்திரா ஆதரவுள்ள கிளாசிக் லெஜண்ட்ஸ் நிறுவனம் 2018 நவம்பரில் 293 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினோடு அந்தப் பெயரை மீட்டு வந்தது. அன்றைய டெல்லி ஷோரூம் விலை ஒன்றரை லட்சத்துக்கு மேல். தயாரானது மைசூரில் அல்ல, மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில். அடுத்த மாதமே 'கே.ஜி.எஃப்.' திரைப்படம் வெளிவந்து ஊரின் பெயர் இந்தியா முழுக்கப் பரவியது. இரண்டு பழைய பெயர்களும் ஒரே பருவத்தில் புது வேஷம் கட்டின.

உண்மையான ஜாவா உலகம் அமைதியாக வேறு இடத்தில் நடக்கிறது. பெங்களூர் ஜே.சி. ரோட்டு உதிரி பாகக் கடைகளில் பிஸ்டன், கிளட்ச் பிளேட் தேடுகிறார்கள். ஆண்டுதோறும் ஜூலை மாதம் ரசிகர்கள் சர்வதேச ஜாவா தினம் கொண்டாடுகிறார்கள். பாகங்களை யாராவது செய்துகொண்டுதான் இருப்பார்கள். பற்றாக்குறை வரப்போவது வேறொன்றில். ஆலை ஓடிய காலத்தில் இந்த இன்ஜினைக் கற்றுக்கொண்ட மெக்கானிக் இன்று இளைஞராக இருக்க வழியில்லை. அவரிடம் இப்போது வேலைக்குச் சேரும் பையன் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனும் சென்சாரும்தான் கற்றுக்கொள்ள வேண்டும், பிழைப்பு அதில்தான் இருக்கிறது. காது வைத்துக் கேட்டே பாயின்ட் இடைவெளியைச் சரி செய்யும் கை அடுத்த தலைமுறைக்குப் போகுமா என்பது தெரியாது.

ஆகவே பழைய ஜாவா வாங்க வருகிறவர் விலை பேசுவதற்கு முன் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இதுவரை இந்த வண்டியைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் யார், அவர் கடை இன்னும் திறந்திருக்கிறதா? திறந்திருந்தால் முதலில் அங்கே போய்விட்டு, பிறகு விலை பேச வரலாம்.