பில்லுக்குக் கொடுத்த நம்பர்

மருந்துக் கடையில் காசை நீட்டியதும் "நம்பர் சொல்லுங்க சார்" என்கிறார்கள். துணிக்கடை, ஹோட்டல், சூப்பர் மார்க்கெட், எங்கே போனாலும் இதே கேள்விதான். கல்லாவில் உட்கார்ந்து அந்த நம்பரைக் கணினியில் தட்டுகிறவருக்காக இதை எழுதுகிறேன்.

அந்த நம்பர் வாடிக்கையாளரின் அந்தரங்கம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. வியாபாரிகளைக் கட்டுப்படுத்தும் பிரிவுகள் 18 மாத அவகாசத்துக்குப் பின், 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன.

இந்தச் சட்டத்தின் 7-வது பிரிவு உதாரணம் காட்டுவதே ஒரு மருந்துக் கடையைத்தான். ஒருவர் மருந்து வாங்குகிறார். பணம் கட்டியதற்கு ரசீதை செல்போனுக்கு அனுப்பச் சொல்லி, தானாகவே விவரம் தருகிறார். கடைக்காரர் ரசீது அனுப்பலாம். அவ்வளவுதான் அனுமதி. தீபாவளித் தள்ளுபடி, சர்க்கரை நோய் முகாம், கடைக்காரரின் மச்சான் நடத்தும் சீட்டு என்று எதற்கு அந்த நம்பரை எடுத்தாலும் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும். எதற்காக என்று சொல்லித்தான் கேட்க வேண்டும். வாடிக்கையாளர் விரும்பினால் தமிழிலேயே. சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும்.

நம்பரோடு, வாங்கிய மாத்திரையின் பெயரும் கணினியில் ஏறுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. மனநோய்க்கு மருந்து சாப்பிடுவதை வீட்டாரிடம்கூடச் சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். கருத்தடை மாத்திரை வாங்கிய பெண்ணின் விவரம் ஊரில் ஒருவன் கையில் சிக்கினால், அவள் படும் பாட்டுக்கு எந்த அபராதமும் ஈடாகாது.

அபராதமும் சிறியதல்ல. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை. விவரம் கசிந்ததைத் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் சொல்லாமல் மறைத்தால் 200 கோடி வரை. எஸ்.எம்.எஸ். அனுப்பும் வேலையை வெளியாளிடம் விட்டிருந்தாலும் பொறுப்பு கடையுடையதே. அது முதலாளி கவலை என்று ஊழியர் ஒதுங்கிவிடவும் முடியாது. வேலையில் கைக்கு வந்த விவரத்தை, சம்மதமில்லாமல், ஆதாயத்துக்காக வெளியே கொடுத்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

கல்லாவில் இருக்கும் தம்பி தங்கைகளே, பில் திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். வாடிக்கையாளர் நம்பரைச் சொந்த போனில் சேமிக்காதீர்கள். வரிசையில் நிற்பவர் காதில் விழும்படி அதை உரக்கத் திருப்பிச் சொல்லாதீர்கள். பில் போட நம்பரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சொல்லிவிட்டது. தர மனமில்லாதவருக்கு, நம்பர் இல்லாமலே பில் போட்டுக் கொடுங்கள்.