புகையிலையும் என்புருக்கியும்

தமிழில் தூது நூல்கள் பல. அன்னம், கிளி, மேகம், நெஞ்சு எனத் தூது செல்லத் தக்கவையாகப் புலவர்கள் கொண்ட பொருள்களின் வரிசையில் புகையிலையும் ஒன்று என்பது இன்றைய மாணவர் சிலர்க்கு வியப்பளிக்கலாம். சீனிச்சர்க்கரைப் புலவர் பாடிய 'புகையிலை விடு தூது' பழநி முருகனிடம் புகையிலையைத் தூதாக அனுப்புகிறது. டாக்டர் உ.வே.சாமிநாதையர் அதனைத் தேடிப் பதிப்பித்தார். போர்ச்சுகீசியர் வழியாக இந்நாட்டுக்கு வந்த ஓர் அயல்நாட்டுச் செடி, சில தலைமுறைகளுக்குள் சிற்றிலக்கியத்தில் இடம்பெறும் அளவுக்கு நம் மக்களோடு ஒன்றிவிட்டது.

மற்றொரு சொல் அதனினும் பழையது. சயம், ஈளை, என்புருக்கி என்றெல்லாம் நம் முன்னோர் வழங்கிய பெயர்கள் காசநோயைக் குறிப்பன. எலும்பையே உருக்கும் நோய் என்று பெயரிட்டவர்கள் அந்நோயாளியின் உடலை அருகிருந்து பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். இவ்விரு சொற்களுக்கும் உள்ள உறவை, சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர்களிலும் நடந்த ஓர் ஆய்வு எண்களால் நிறுவியது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எனக்கு இப்பொருளில் ஈடுபாடு ஏற்பட்டது நூல்களால் அன்று. நான் வளர்ந்த தெருவில் லுஹர் தொழுகை முடிந்த பின் திண்ணைதோறும் பீடித் தட்டுகள் மடியேறும். நனைத்து வைத்த இலையைக் கத்தரித்து, தூள் வைத்து, சுற்றி, நூல் கட்டி அடுக்கும் விரல்களின் வேகத்தைக் கண் தொடர இயலாது. என் உம்மாவின் விரல்களும் அவற்றுள் அடக்கம். என் தேர்வுக் கட்டணங்கள் அந்த விரல்களிலிருந்து வந்தவை. பீடிக்கடையில் கழித்துத் தள்ளிய பீடிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அவற்றை வீணாக்காமல் புகைத்து முடிப்பவர் என் தாய்மாமா. நாற்பத்தாறாம் வயதில் அவர் காசநோயால் மவுத்தானார். இருமல் தொடங்கிய நாள் முதல் கடைசி நாள் வரை அவர் பீடியை விட்டதில்லை. விடும்படி அவரிடம் எவரும் அழுத்தமாகச் சொன்னதுமில்லை. 'பீடி சளியை அறுக்கும்' என்பதே வீட்டிலும் தெருவிலும் நிலவிய கருத்து. அக்கருத்து எத்துணைப் பிழையானது என்பதைப் பல்லாண்டுகள் கழித்தே அறிந்தேன்.

புகைத்தல் உயிரைக் குடிக்கும் என்பதற்கான அடிப்படை ஆய்வுகள் இங்கிலாந்தில் நடந்தன. ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1950இல் நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டனர். 1951 முதல் பிரிட்டானிய மருத்துவர்களையே பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து உறுதி செய்தனர். அதனால் 'புகைத்தால் புற்றுநோய்' என்னும் வாசகம் உலகெங்கும் பரவியது. நம் நாட்டிலும் அவ்வாசகமே எழுதப்பட்டது. ஆனால் இந்தியாவில் புகைப்பவர்கள் எந்நோயால் இறக்கிறார்கள் என்று இந்தியாவிலேயே பேரளவில் எண்ணிப் பார்த்தவர் அந்நாளில் இல்லை என்றே சொல்லலாம்.

அப்பணியைச் சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி.கஜலட்சுமி மேற்கொண்டார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் பீட்டோ, டாக்டர் டி.எஸ்.கனகா, பிரபாத் ஜா ஆகியோர் உடன் ஆய்வாளர்கள். முடிவுகள் 2003இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தன. நோயால் இறந்த ஆண்கள் 43,000 பேர். அவர்களுள் நகரத்தார் 27,000, கிராமத்தார் 16,000. ஒப்பிடுவதற்காக உயிரோடிருந்த ஆண்கள் 35,000 பேர். இவ்விரு திறத்தாரின் புகைப்பழக்கமும் கேட்டறியப்பட்டது. விபத்து, கொலை, தற்கொலை ஆகியவற்றால் நேர்ந்த மரணங்கள் விலக்கப்பட்டன. பெண்களுள் புகைப்போர் மிகக் குறைவு ஆதலின் ஆய்வு ஆண்களோடு நின்றது.

இறந்தவரிடம் கேட்க முடியாது. அவர் எதனால் இறந்தார் என்பதும் தெளிவாக எழுதப்பட்டிருப்பதில்லை. சென்னை மாநகரத்துப் பதிவேடுகளிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட மரணங்களுக்குக் குறிப்பான காரணம் இல்லை. 'இதயம் நின்றது' என்று எழுதினால் அது காரணம் ஆகாது. எல்லா இதயமும் நின்றே தீரும். ஆகவே ஆய்வாளர்கள் வாய்மொழி மரண ஆய்வு என்னும் முறையைக் கையாண்டனர். மருத்துவர் அல்லாத, ஆனால் அதற்கெனப் பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் இறந்தவரின் வீட்டுக்குச் சென்று, குடும்பத்தார் சொல்வதைக் கேட்டு எழுதுவர். எத்தனை நாள் இருமல், சளியில் இரத்தம் வந்ததா, மாலைக் காய்ச்சல் இருந்ததா, உடல் மெலிந்ததா, மார்புவலி எந்தப் பக்கம் பரவியது என்பன போன்ற செய்திகள் அதில் இருக்கும். அந்த எழுத்தைப் படித்து மருத்துவர் காரணத்தை முடிவு செய்வார். இவ்வகையில் காரணம் அறியப்படாத மரணங்கள் பத்தில் ஒன்றுக்கும் கீழாகக் குறைந்தன.

தமிழ்த்துறையைச் சார்ந்தவன் என்ற முறையில் இவ்விடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். இவ்வாய்வின் மூலப்பொருள் குருதியோ சளியோ அன்று, பேச்சு. 'ஆளே உருகிப் போய்ட்டார்', 'நெஞ்சை அடைக்குதுன்னார்' என்பன போல வீடுகளில் வழங்கும் சொற்களே நோயை அடையாளம் காட்டும் கருவியாயின. காசநோய் என்ற பெயரைச் சொல்லக் கூசும் குடும்பமும் அதன் அறிகுறிகளைச் சொல்லிவிடும். உறவை இழந்தவர்களின் சொற்களை மதித்துக் கேட்டதனால் கிடைத்த அறிவு இது.

முடிவுகளுக்கு வருவோம். 25 முதல் 69 வயதுக்குட்பட்ட நகரத்து ஆண்களில், ஒருபோதும் புகைக்காதவரைவிடப் புகைத்தவரின் இறப்பு வீதம் இரண்டு மடங்கு. காசநோய் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் அது நான்கரை மடங்கு. அந்நோயால் நேர்ந்த மரணங்களில் 61 விழுக்காடு புகைத்தலோடு சார்ந்தவை. இதய, இரத்தக்குழாய் நோய்களில் இறப்பு வீதம் 1.8 மடங்கு, புற்றுநோயில் 2.1 மடங்கு. புகைத்தலால் விளைந்த கூடுதல் மரணங்களில் மூன்றில் ஒரு பங்கு காசநோயைத் தலைமையாகக் கொண்ட மூச்சுறுப்பு நோய்களால் நேர்ந்தவை. புற்றுநோயின் பங்கு 11 விழுக்காடே. பெட்டியின் மேல் நாம் அச்சிட்ட எச்சரிக்கை தவறன்று. ஆனால் நம் மக்களை மிகுதியாகக் கொன்ற நோயின் பெயர் அதில் இல்லை.

'61 விழுக்காடு' என்பதை மாணவர்கள் விளங்கிக்கொள்ள ஒரு கற்பனைக் கணக்கு உதவும். புகைக்காதவர் ஆயிரம் பேர், புகைப்பவர் ஆயிரம் பேர் என்று கொள்வோம். முதற்பிரிவில் இருவர் காசநோயால் இறந்தால், நான்கரை மடங்கு என்பதன்படி இரண்டாம் பிரிவில் ஒன்பதின்மர் இறப்பர். புகைக்காதிருந்தால் அங்கும் இருவரே இறந்திருப்பர். ஆகவே எழுவர் மிகை. மொத்தம் இறந்த பதினொருவருள் எழுவர் என்றால் 64 விழுக்காடு. உண்மையில் புகைப்பவரின் எண்ணிக்கை பாதிக்குச் சற்றுக் குறைவானால் அது 61ஐ ஒட்டி அமையும்.

இங்கே ஒரு தடை எழுப்பலாம். புகைப்பவன் பெரும்பாலும் ஏழை, கல்வி குறைந்தவன், நெரிசலான வீட்டில் வாழ்பவன். காசநோயும் ஏழையைத் தேடி வருவதே. எனில் குற்றவாளி வறுமையா, புகையா? நேர்மையான வினா இது. வயதும் கல்வி நிலையும் ஒத்தவர்களையே ஒப்பிடும் வகையில் கணக்கைச் சீர்செய்த பின்னரே மேற்கண்ட எண்கள் பெறப்பட்டன. பிற நாடுகளில் நடந்த ஆய்வுகளும் அதே திசையைக் காட்டின. உலகச் சுகாதார நிறுவனம் இன்று காசநோய்க்கு வழிவகுக்கும் காரணிகளுள் ஊட்டக்குறைவு, நீரிழிவு, மது, எச்.ஐ.வி. ஆகியவற்றோடு புகைத்தலையும் வைத்து எண்ணுகிறது. வறுமையும் குற்றவாளிதான், ஆனால் தனியாக அன்று.

புகை எவ்வாறு இதைச் செய்கிறது? காசநோய்க் கிருமி பலர் உடலில் புகுந்தும் நோயாக வெளிப்படாமல் அடங்கிக் கிடக்கிறது. அவர்களுள் மிகச் சிலரே நோயாளிகள் ஆகின்றனர். அதனை அடக்கி வைப்பவை நுரையீரலின் நுண்ணறைகளில் காவல் இருக்கும் விழுங்கு அணுக்கள். மூச்சுக்குழலின் உட்சுவரில் உள்ள நுண்மயிர்கள் தூசியையும் சளியையும் மேல்நோக்கித் தள்ளுகின்றன. புகை இம்மயிர்களை முடக்குகிறது. காவல் அணுக்களின் ஆற்றலைக் குறைக்கிறது. உறங்கிய கிருமி விழித்தெழுகிறது. மாமாவின் 'சளியை அறுக்கும்' பீடி சளியை வெளியேற்றும் துடைப்பத்தையே ஒடித்தது. நோய் குணமானவர் மீண்டும் புகைத்தால் அது திரும்பி வரும் வாய்ப்பும் மிகுதி.

பீடியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சிகரெட்டில் தாளும் இரசாயனமும் உண்டு, பீடியிலோ காட்டு இலைதான், தூளும் கொஞ்சம், ஆகவே கெடுதல் குறைவு என்று படித்தவர்களும் பேசக் கேட்டிருக்கிறேன். அவ்விலை தாளைப் போல் காற்றை உள்ளே விடுவதில்லை. அணைந்துவிடாதிருக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். விழுப்புரம் பகுதியில் ஆண்கள் புகைத்தது பெரும்பாலும் பீடியே. அங்கும் புகைத்தவர்களின் இறப்பு வீதம் கூடுதலாகவே இருந்தது. பிரபாத் ஜா தலைமையில் நாடு தழுவி நடந்து 2008இல் வெளியான மற்றோர் ஆய்வு, பீடி புகைக்கும் ஆண்கள் ஏறத்தாழ 6 ஆண்டுகளையும், பீடி புகைக்கும் பெண்கள் 8 ஆண்டுகளையும், சிகரெட் புகைக்கும் ஆண்கள் 10 ஆண்டுகளையும் வாழ்நாளில் இழக்கின்றனர் என்று கண்டது. இவை சராசரி. நடுவயதில் இறப்பவர் இழப்பது இருபது ஆண்டுகளுக்கு அண்மையில் என்பது 2003ஆம் ஆண்டு ஆய்வின் கணக்கு.

காசநோய் மருத்துவத்தில் சென்னைக்கு இதற்கு முன்பே ஒரு பெருமை உண்டு. 1956இல் தொடங்கிய சேத்துப்பட்டு ஆய்வு மையம், சானடோரியத்தில் படுத்து மருந்துண்பவரும் வீட்டிலிருந்தே மருந்துண்பவரும் ஒரே அளவில் குணமாகின்றனர் என்பதை 1959இல் உலகுக்குக் காட்டியது. வீட்டு மருத்துவம் உலகெங்கும் பரவியது. ஆயினும் அதில் ஓர் இடைவெளி இருந்தது. மிக முற்றிய நிலையில் வருபவர் மாத்திரையோடு வீடு திரும்பிச் சில வாரங்களிலேயே இறந்துவிடுவதுண்டு. காசநோய் மரணங்களில் பெரும்பகுதி சிகிச்சையின் தொடக்கக் காலத்தில்தான் நேர்கிறது. இதனை நோக்கி 2022இல் 'தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கப்பட்டது. நோய் கண்டறிந்தவுடன் எடை, உயரம், மூச்சு எண்ணிக்கை, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், பிடிமானமின்றி எழுந்து நிற்க முடிகிறதா ஆகியவற்றைப் பார்க்கின்றனர். நிமிடத்துக்கு 24க்கு மேற்பட்ட மூச்சு, 94 விழுக்காட்டுக்குக் குறைந்த ஆக்சிஜன், மிகக் கடிய மெலிவு, நிற்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்றிருந்தாலும் மருத்துவமனையில் உடனே சேர்த்தாக வேண்டும். எக்ஸ்ரேயோ பெரிய ஆய்வுக்கூடமோ இதற்கு வேண்டியதில்லை. என்புருக்கியையும் நெஞ்சுவலியைப் போல் அவசர நிலையாகக் கருதும் இம்முறை மாமாவின் காலத்தில் இருந்திருந்தால், சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்த அவரை மாத்திரைப் பையோடு வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள்.

இனி, பெரியோர்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உள்ளது. பீடிக்கூலியில் படித்தவன் பீடிக்கு எதிராக எழுதலாமா என்பதே அது. மேலப்பாளையத்திலும் குடியாத்தத்திலும் இன்னும் பல ஊர்களிலும், வெளியே வேலைக்குச் செல்ல வழியற்ற பெண்களுக்கு வீட்டுக்குள்ளேயே கிடைத்த ஒரே வருமானம் இது என்பதை மறுப்பவன் நான் அல்லன். பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966இல் வந்தது. நல நிதிச் சட்டம் 1976இல் வந்தது. அந்நிதிக்காகப் பீடி மீது வாங்கப்பட்ட தனித் தீர்வை 2017இல் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது நீக்கப்பட்டது. அந்நிதியின் கல்வி உதவித்தொகையைப் பெற்று இக்கல்லூரிக்கு வந்த மாணவர்களை வகுப்பில் கண்டிருக்கிறேன். நாளெல்லாம் தூளின் நெடியில் மூச்சு விடும் அவர்தம் தாய்மார் பீடியைப் பற்ற வைத்ததே இல்லை. ஆனால் பீடிக்கு ஆதரவாக இத்தொழிலாளரைக் காட்டிப் பேசுவோர், இலையில் குறை காட்டிக் கூலியைக் கழிக்கும்போது அவர்களை நினைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்தியாவில் புகையிலையைப் பயன்படுத்தும் வயதுவந்தோர் 2009-10இல் 34.6 விழுக்காடு; 2016-17இல் 28.6 விழுக்காடு. தமிழ்நாட்டிலோ அதே இடைவெளியில் அது 16.2இலிருந்து 20 விழுக்காடாக உயர்ந்தது. நாடு முழுவதும் பார்த்தால் பழக்கம் இறங்குமுகத்தில் இருக்கிறது. அது தொடருமானால் தட்டுகளின் எண்ணிக்கையும் குறையும். அப்போது அத்தட்டை மடியில் வைத்திருப்பவளுக்கு மாற்றுத் தொழிலை யார் கற்பிப்பது என்பது ஜமாஅத்தும் கல்லூரியும் இப்போதே அமர்ந்து பேச வேண்டிய செய்தி. என் உம்மா இப்போது சுற்றுவதில்லை. கண் பார்வை மங்கிவிட்டது. அவர் பெருவிரலில் கத்தரி பதிந்த காய்ப்பு மட்டும் இன்னும் இருக்கிறது.