சைக்கிளில் தப்பிய குரங்கு!

பாரிஸ் நகரைப் பிடிக்க ஜெர்மன் படைகள் நெருங்கி வந்துகொண்டு இருந்தன. ஜனங்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டு ஓடினார்கள். மழை பெய்த ஒரு விடியற்காலையில், ஒரு கணவனும் மனைவியும் இரண்டு சைக்கிள்களில் ஏறிப் புறப்பட்டார்கள். அவர்கள் கொண்டு போன மூட்டையில் ஒரு குரங்கு இருந்தது.

உயிருள்ள குரங்கு அல்ல. காகிதத்தில் வரைந்த குரங்கு!

அந்தக் குரங்கின் பெயர்தான் "கியூரியஸ் ஜார்ஜ்". எதையும் தொட்டுப் பார்க்கத் துடிக்கும் ஜார்ஜ் என்று பொருள். உலகம் எங்கும் குழந்தைகளைச் சிரிக்க வைக்கும் குட்டிக் குரங்கு அது.

தொட்டி வியாபாரி

குரங்கை வரைந்தவர் பெயர் ஹான்ஸ் ரே. மனைவி பெயர் மார்கரெட். இருவரும் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் பிறந்த யூதர்கள்.

ஹான்ஸ் வேலை தேடி பிரேசில் நாட்டுக்குப் போனார். அமேசான் நதியை ஒட்டிய ஊர்களில் குளியல் தொட்டி விற்றார். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின், மார்கரெட்டும் பிரேசில் போய்ச் சேர்ந்தார். 1935-ம் ஆண்டு இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். பிரேசில் நாட்டுக் குடிமக்களும் ஆனார்கள்.

அவர்கள் இரண்டு சின்னஞ்சிறு குரங்குகளை வளர்த்தார்கள். 1936-ல் தேனிலவுக்காகக் கப்பல் ஏறியபோது அவற்றையும் உடன் கொண்டு போனார்கள். குளிர் தாங்க வேண்டுமே என்று, மார்கரெட் கம்பளிச் சட்டை பின்னிப் போட்டார். அப்படியும் குரங்குகள் வழியிலேயே இறந்துவிட்டன.

பாரிசில் சில நாள் தங்க நினைத்தவர்கள், நான்கு ஆண்டு தங்கிவிட்டார்கள். அங்கே குழந்தைகளுக்குப் படக்கதை எழுதினார்கள். ஓர் ஒட்டகச்சிவிங்கியும் ஒன்பது குரங்குகளும் வரும் கதை 1939-ல் புத்தகமாக வந்தது. ஒன்பதில் ஒரு குரங்கு மகா சேட்டை. அதற்கென்றே தனிக் கதை எழுதினார்கள். அப்போது அதன் பெயர் பிபி.

போலீஸ் சோதனை

யுத்தம் மூண்டது. இருவரும் பேசியதோ ஜெர்மன் வாடை அடிக்கும் பிரெஞ்சு. "இவர்கள் உளவாளிகளோ?" என்று சந்தேகம் பிறந்தது. போலீஸ் வந்து சோதனை போட்டது. குரங்குப் படங்களைத் தவிர வேறு ஒன்றும் அகப்படவில்லை. குழந்தைப் புத்தகம் எழுதுகிறவர்கள் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள்.

சைக்கிள் எங்கே?

1940-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி ஜெர்மன் படைகள் பாரிசுக்குள் நுழைந்தன. அவர்கள் கையில் சிக்கினால் யூதர்களின் கதி என்ன ஆகும்? சொல்ல வேண்டியது இல்லை.

தப்பிக்க வேண்டும். ஆனால் அவர்களிடம் கார் கிடையாது. கடையில் நல்ல சைக்கிளும் கிடைக்கவில்லை. ஹான்ஸ் உதிரிப் பாகங்களை வாங்கி வந்தார். தம் கையாலேயே இரண்டு சைக்கிள்களைப் பூட்டி முடித்தார்!

படைகள் நுழைவதற்குச் சற்று முன்னால் இருவரும் கிளம்பினார்கள். கொஞ்சம் ரொட்டி, தண்ணீர், குளிருக்குக் கோட்டு. அவற்றோடு கதைகளும் படங்களும். பாரத்தைக் குறைக்க எத்தனையோ சாமான்களை விட்டார்கள். குரங்கை மட்டும் விடவில்லை.

சாலை முழுவதும் அகதிகள். இரவில் ஒரு நாள் மாட்டுத் தொழுவத்தில் படுத்தார்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல் மிதித்த பிறகு ரெயில் கிடைத்தது. பிரேசில் பாஸ்போர்ட் கைகொடுத்தது. ஸ்பெயின் வழியாகப் போர்ச்சுக்கல் போனார்கள். அங்கிருந்து கப்பலில் பிரேசில், பிறகு அமெரிக்கா. அக்டோபர் மாதம் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள்.

மன்னர் பெயரா?

1941-ல் அமெரிக்காவில் கதை வெளிவந்தது. பிபி என்ற பெயர் ஜார்ஜ் என்று மாறியது. ஆனால் இங்கிலாந்தில் ஒரு சிக்கல்! அப்போது அந்த நாட்டு மன்னர் பெயர் ஆறாம் ஜார்ஜ். சேட்டைக் குரங்குக்கு மன்னர் பெயரா? அங்கே மட்டும் "ஜோஜோ" என்று பெயர் வைத்தார்கள்.

1966-ம் ஆண்டு வரை கணவனும் மனைவியும் 7 ஜார்ஜ் கதைகளை வெளியிட்டார்கள். கடைசிக் கதையில் ஜார்ஜ் ஒரு விளையாட்டுத் துண்டை விழுங்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறது. ஆஸ்பத்திரி என்றால் அழும் குழந்தைகளின் பயத்தைப் போக்க எழுதிய கதை அது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையும் அதற்கு உதவியது.

முதலில் அட்டையில் கணவர் பெயர் மட்டுமே இருந்தது. கதை எழுதியதில் மார்கரெட்டுக்குச் சரிபாதிப் பங்கு உண்டு. பிற்காலத்தில்தான் அவர் பெயரும் அட்டையில் ஏறியது.

ஹான்ஸ் 1977-லும், மார்கரெட் 1996-லும் காலமானார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

2006-ம் ஆண்டு ஜார்ஜ் சினிமாவுக்கு வந்தது. அதே ஆண்டு தொலைக்காட்சித் தொடரும் தொடங்கியது. பிறகு கைபேசி விளையாட்டுகளும் வந்தன. 2017-ல் வெளியான ஓர் ஆவணப்படம் இந்தத் தம்பதிகளின் கதையைச் சொல்லியது.

ஒவ்வொரு கதையிலும் ஜார்ஜ் ஏதாவது ஆபத்தில் மாட்டிக்கொள்ளும். கடைசியில் எப்படியோ தப்பிவிடும். படிக்கும் குழந்தை சிரிக்கும். அந்தக் குரங்கைப் பெற்றவர்களும் அப்படித் தப்பியவர்கள்தான் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியாது.