விளையாட்டறையில் ஒரு சிகிச்சையாளர்

ஐந்து வயதுக் குழந்தையிடம், "உன் மனத்தில் என்ன கவலை?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. தலையைக் குனிந்துகொள்ளும், அல்லது ஓடிவிடும். கவலையே இல்லை என்பது இதற்குப் பொருளன்று. அச்சம், ஏக்கம், குற்றவுணர்வு முதலியவற்றைப் பெயரிட்டுச் சொல்லும் மொழித்திறன் அந்த வயதில் இன்னும் முழுமையாக வளர்ந்திருக்காது. அதே குழந்தையின் முன் ஒரு பொம்மை வீட்டையும் சில பொம்மைகளையும் வைத்தால் நிலைமை மாறிவிடும். மருத்துவமனையில் பல நாள் இருந்து திரும்பிய குழந்தை, கரடி பொம்மைக்கு ஊசிமேல் ஊசி போடலாம். பெற்றோர் பிரிந்துவிட்ட குழந்தை, ஒரு பொம்மையை இரண்டு வீடுகளுக்கிடையே ஓயாமல் நடக்கவிடலாம். வாயில் வராதது கையில் வந்துவிடுகிறது. இதனை அடிப்படையாகக் கொண்டு செயல்படுபவரே விளையாட்டுச் சிகிச்சையாளர்.

இத்துறை சென்ற நூற்றாண்டில் உருவானது. இலண்டனைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் மார்கரெட் லோவன்ஃபெல்ட், 1928ஆம் ஆண்டில் மனச்சிக்கல் உள்ள சிறாருக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கினார். அங்கே சிறிய வீடுகள், விலங்குகள், மனித உருவங்கள் ஆகியவற்றையும் மணல் தட்டையும் வைத்தார். குழந்தைகள் அவற்றைக் கொண்டு மணலில் தத்தம் 'உலகங்களை' அமைத்தனர். அவ்வுலகங்களை உற்று நோக்கியே அவர்களின் மனநிலையை அறிய முயன்றார் லோவன்ஃபெல்ட்.

இத்துறைக்குத் தெளிவான நெறிகளை வகுத்தவர் அமெரிக்கரான வெர்ஜினியா அக்ஸ்லைன். அறிவுரை கூறுவதைவிடச் செவிமடுப்பதே ஆலோசகரின் தலையாய பணி என்று கருதியவர் கார்ல் ரோஜர்ஸ். அவருடன் பணியாற்றிய அக்ஸ்லைன், அக்கருத்தைச் சிறாரிடம் செயல்படுத்தினார். 1947இல் வெளிவந்த அவருடைய நூல் எட்டுக் கொள்கைகளை முன்வைத்தது. குழந்தையை அது இருக்கும் நிலையிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும், குழந்தை முன்னே செல்ல, சிகிச்சையாளர் பின்தொடர வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது. இவை அவற்றுள் சில. படிப்பதற்கு எளிதாகத் தோன்றினாலும், அழும் குழந்தையைக் கண்டதும் உடனே திருத்தப் பழகிவிட்ட பெரியவர்களுக்கு இவை கடினமான நெறிகளே.

அக்ஸ்லைனின் புகழை உலகறியச் செய்தது, 1964இல் அவர் வெளியிட்ட டிப்ஸ் என்னும் சிறுவனின் வரலாறு. டிப்ஸ் என்பது உண்மைப் பெயரன்று. சிறுவனின் அடையாளத்தை மறைக்கச் சூட்டப்பட்ட பெயர். ஐந்து வயதான அவன் பள்ளியில் எவருடனும் பழகவில்லை. மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்வான். அருகில் வந்தவர்களைத் தாக்குவான். அவனுக்கு மனவளர்ச்சிக் குறைபாடு இருக்குமோ என்று பெற்றோரே ஐயுற்றனர். அக்ஸ்லைன் அவனை வாரம் ஒருமுறை விளையாட்டறையில் சந்தித்தார். 'இதைச் செய்', 'அதைப் பேசு' என்று அவர் கட்டளையிடவில்லை. அவன் தொட்ட பொருளை அவரும் கவனித்தார்; அவன் சொன்ன சொல்லை மதித்தார். பூட்டிய கதவுகள் மீது அவனுக்கிருந்த வெறுப்பு மெல்ல வெளிப்பட்டது. தந்தையாகப் பாவித்த பொம்மை வீரனை அவன் மணலில் புதைத்தான். அதற்காக அவனை யாரும் கண்டிக்கவில்லை. கோபம் வெளியேற வெளியேற, அன்புக்கு ஏங்கிய ஒரு சிறுவன் தென்பட்டான். பின்னர் நடத்திய சோதனையில் அவனது அறிவுத்திறன் ஈவு 168 எனத் தெரியவந்தது. குறைபாடு உள்ளவன் என்ற முடிவோடு அவனை ஒதுக்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே தயக்கமாக உள்ளது.

இச்சிகிச்சைக்கான அறையில் விலையுயர்ந்த பொருள்கள் தேவையில்லை. குடும்பப் பொம்மைகள், மருத்துவர் விளையாட்டுப் பெட்டி, தொலைபேசி, களிமண், வண்ணங்கள், மணல், கைப்பாவைகள் போன்றவையே போதும். கோபத்தைக் காட்ட ஒரு முதலைப் பாவையும் குத்துவதற்கேற்ற காற்றடைத்த பொம்மையும் இருக்கும். மின்னியல் விளையாட்டுகளைப் பெரும்பாலும் தவிர்ப்பர். எப்படி விளையாட வேண்டும் என்பதை அவையே தீர்மானித்துவிடும். குழந்தையின் கற்பனைக்கு இடமிராது. ஒவ்வொரு வாரமும் பொம்மைகள் அதனதன் இடத்திலேயே இருக்கும். வீட்டில் எல்லாம் தலைகீழாக மாறிப்போன குழந்தைக்கு, மாறாத இடமொன்று இருப்பதே ஆறுதல்.

சுதந்திரம் உண்டு, ஆனால், எல்லையும் உண்டு. சிறுவன் ஒருவன் மரக்கட்டையைச் சிகிச்சையாளர்மீது எறிய ஓங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். "உனக்கு என்மேல் கோபம் வந்திருக்கிறது. ஆனால், நான் எறிபடுவதற்கான ஆள் இல்லை. அந்தக் காற்றுப் பொம்மைமீது எறியலாம்," என்பார் அவர். முதலில் உணர்வை ஏற்கிறார்; அடுத்து எல்லையைச் சொல்கிறார்; பிறகு மாற்று வழியைக் காட்டுகிறார். கோபம் தவறு என்று அவர் சொல்லவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

குழந்தை விளையாடியதை எல்லாம் பெற்றோரிடம் ஒப்பிப்பது முறையன்று. அப்படிச் செய்தால் குழந்தையின் நம்பிக்கை உடைந்துவிடும். எனினும், குழந்தையை யாரோ துன்புறுத்துகிறார்கள் என்று ஐயம் எழுந்தால் மௌனம் காக்க முடியாது. உரியவர்களிடம் தெரிவித்தாக வேண்டும். இப்பணியின் மிகக் கனமான பகுதி இதுதான். இதனால், இப்பணிக்கு வர விரும்புவோர் உளவியல், ஆலோசனை, சமூகப்பணி போன்ற துறைகளில் பயின்று, அனுபவமிக்கவரின் மேற்பார்வையில் நெடுநாள் பயிற்சி பெறுகின்றனர். மலேசியாவில் ஆலோசகராகப் பணியாற்ற, 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்துகொள்வதும் கட்டாயமாகும்.

சிகிச்சையாளர் குழந்தையுடன் இருப்பது வாரத்தில் ஒரு மணி நேரந்தான். மீதி நேரம் முழுவதும் அது குடும்பத்துடன் வாழ்கிறது. இதை உணர்ந்த பெர்னார்ட் கெர்னி, லூயிஸ் கெர்னி தம்பதியர் 1960களில் பெற்றோருக்கே இம்முறையைக் கற்பித்தனர். பயிற்சி பெற்ற தாயோ தந்தையோ வாரத்தில் அரை மணி நேரத்தை ஒரு குழந்தைக்கென ஒதுக்குகிறார். அந்நேரத்தில் கைப்பேசி இல்லை, பாடம் இல்லை, 'அப்படி இல்லை, இப்படி வை' என்ற திருத்தமும் இல்லை. தனியே எடுத்து வைத்த பொம்மைகள் அப்போது மட்டும் வெளியே வரும். என்ன விளையாடுவது என்பதைக் குழந்தையே முடிவு செய்யும். நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது பெற்றோர் அதை நினைவூட்டுவார். பிறகு பொம்மைகள் மீண்டும் பெட்டிக்குள் போகும், அடுத்த வாரம்வரை.